நீ மறந்துவிட்டு வந்த சிடி

என் பிரியமுள்ள மச்சான் செல்லையாவுக்கு,

உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். நீ போய் எட்டு மாதம் கழித்துக் கிடைத்த சேதி. நீ இருக்கும்போதே கிடைத்திருந்தால் ஒரு டீ குடித்துக்கொண்டே சொல்லி முடித்திருப்பேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

சவுதியில், தம்மாமில் அதே கேம்ப், அதே ரூம். உன் மேல்கட்டிலில் இப்போது ஒரு நேபாளத்துக்காரர் இருக்கிறார். அமைதியான மனுஷன். குறட்டையில் உன் பக்கத்தில்கூட வர முடியாது.

இந்தக் கடிதத்தை நம் ஆட்கள் பத்துப் பேர் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்லிக்கொண்டு போவேன். ‘எனக்கே கதை சொல்றியாக்கும்’ என்று சிரிக்காதே. அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரியாததும் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்ததோ அதைவிட அதிகம். நீ எல்லாவற்றையும் பார்த்தாய். நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வெறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவன்தானே.

லோடர், பொக்லைன் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் நாம் இரண்டு பேரும் மெக்கானிக். நீ அறந்தாங்கிப் பக்கம், நான் பெரம்பலூர்ப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். இங்கே வந்த முதல் வாரமே நீ என்னை மாப்ள என்றாய், நான் உன்னை மச்சான் என்றேன். அதற்கு மேல் யாரும் எந்த உறவும் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலை ஏழு, ஏழேகால் இருக்கும். ஒரு லோடர் பக்கெட்டைக் கோத்துப் பிடிக்கிற தடித்த இரும்பு ‘பின்’ துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதைத் தட்டி வெளியேற்றுகிற இரும்புப் பஞ்ச்சை நான் பிடித்துக்கொண்டேன், நீ சம்மட்டியால் அடித்தாய். அடிபட்டு அடிபட்டு அந்தப் பஞ்ச்சின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தது. அதைக் கிரைண்டரில் வைத்துச் சீவியிருக்க வேண்டும். சீவவில்லை. நான் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கடல் காற்றின் ஈரத்தில் கண்ணாடி வேர்க்கிறது என்று நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தேன். இதில் உன் தப்பு எத்தனை, என் தப்பு எத்தனை என்று அன்றைக்கும் நான் பிரித்துப் பார்க்கவில்லை, இன்றைக்கும் பார்க்கப் போவதில்லை.

நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ. வலது கண்ணில் சுண்டிவிட்ட மாதிரி ஒரு தட்டு. அவ்வளவுதான். பெரிய வலிகூட இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ கன்னத்தில் இறங்கியது. “தூசி விழுந்துருச்சு மச்சான்” என்று கையைக் கொண்டுபோனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பிடியில்தான் எனக்குப் பயம் வந்தது.

“மாப்ள, தொடாத. தொடாதய்யா. கைய எடு.”

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. தொடாத.”

ஒன்றுமில்லை என்றவன் குரல் அப்படி நடுங்குமா?

முதலுதவி அறையில் இருந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். கண்ணைப் பார்த்தார். கழுவவில்லை, மருந்து ஊற்றவில்லை, கட்டுப் போடவில்லை. டீ குடிக்கிற காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் கவிழ்த்து வைத்து டேப் ஒட்டினார். எனக்குள் எரிச்சல். ‘இவ்வளவு பெரிய கம்பெனியில் ஒரு பஞ்சுகூட இல்லையா, காகிதக் கப்பை ஒட்டுகிறான்’ என்று நினைத்தேன். அதற்குப் பதில் பிறகு வருகிறது.

இரண்டாவது இடம், பதினைந்து நிமிடத் தூரத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். எகிப்து டாக்டர் ஒருவர் நிதானமாகப் பேசினார். இன்னொரு கண்ணையும் மூடிக்கொள்ளச் சொன்னார். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். நரம்பில் ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி, வாந்தி வராமல் இருக்க ஒரு ஊசி. பிறகு ஸ்கேன். “உள்ளே இரும்பு இருக்கிறது. எங்களிடம் இந்த ஆபரேஷன் செய்கிற கண் சர்ஜன் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்” என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நீ எனக்குத் தமிழாக்கிச் சொன்னாய். ‘இரும்பு’ என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி எச்சில் விழுங்கினாய். அதுகூட எனக்குக் கேட்டது.

அனுப்ப வேண்டும் என்று சொன்னபோது மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதுதான் மச்சான் இத்தனை நாள் என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சக்கரக் கட்டிலில் படுத்திருந்தேன். உன் செருப்புச் சத்தம் போகும், வரும். “இன்சூரன்ஸ் அப்ரூவல் வரணுமாம்” என்பாய். “அந்த ஆஸ்பத்திரில பெட் இருக்கான்னு கேட்டுருக்காங்களாம்” என்பாய். “ஆம்புலன்ஸ் ரெடி ஆகணுமாம்” என்பாய். பதினொன்றரை வாக்கில் வார்டு துடைக்கிற அம்மா ஒருவர் இரக்கப்பட்டு மோரும் ரொட்டியும் கொண்டுவந்தார். வங்காளக் குரல். “கா லோ பாபா” என்றார். அதிகாலையில் சாப்பிட்ட குபூஸ் ரொட்டி எப்போதோ கரைந்துவிட்டது. நான் கையை நீட்டினேன். நீ தட்டைத் தள்ளிவிட்டாய்.

“சாப்பிடாத மாப்ள.”

“பசிக்குதுடா.”

“வள்ளிக்கு ஆபரேஷன் அன்னைக்கு ஒரு வாய் காபி குடிச்சுட்டான்னு சாயங்காலம் வரைக்கும் தள்ளிப் போட்டாங்க. உனக்கு அப்படி ஆகக் கூடாது. பொறுத்துக்க.”

உன் பெண்டாட்டி கதையை இப்போது யார் கேட்டது என்று நான் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மாவிடம் “மாஃப் கரோ மாஜி” என்று மன்னிப்புக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

லுஹர் தொழுகை முடிந்து பன்னிரண்டரை. யாரோடோ நீ கத்திப் பேசும் சத்தம். பிறகு என் காதருகே வந்தாய். “மாப்ள, நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நம்ம வண்டியிலேயே போறோம். எந்திரி, மெதுவா.”

பிக்கப்பை ஓட்டியது நம் கம்பெனி டிரைவர் குல் பாய். அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. “ஜல்தி பாய், ஜல்தி” என்று விரட்டுவாய். வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் “ஆஸ்தா பாய், ஆஸ்தா” என்று மெதுவாகப் போகச் சொல்வாய். கடைசியில் குல் பாய், “செல்லையா பாய், ஏதாவது ஒன்று சொல், அல்லாவுக்காக” என்று கெஞ்சினார். என் தலையை உன் மடியில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாய். உன் கையில் கிரீஸ் வாசம்.

மூன்றாவது இடம், ஊருக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. வாசலிலேயே கேட்டார்கள். “ரெஃபரல் லெட்டர் எங்கே? ஸ்கேன் சிடி எங்கே?” நீ மிகவும் சின்னக் குரலில், “அங்கேயே வச்சுட்டு வந்துட்டேன்” என்றாய். தமிழில். அவர்களுக்கு எங்கே புரியும்?

மறுபடி முதலிலிருந்து. பெயர், இக்காமா அடையாள அட்டை, எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு. மறுபடி ஸ்கேன் வாசலில் வரிசை. மூன்று மணி ஆயிற்று. நாலு மணிக்கு ஆபரேஷன் அறைக்குள் போனேன்.

கண் மிஞ்சியது. பார்வை கொஞ்சமாக. வெளிச்சம் தெரியும், ஆள் நடந்தால் தெரியும், டாக்டர் காட்டும் போர்டில் உச்சியில் உள்ள பெரிய எழுத்து தெரியும். அவ்வளவு. கம்பெனி என்னைத் திருப்பி அனுப்பாமல் டூல்ஸ் ஸ்டோரில் உட்கார வைத்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நாம் ஒரே ரூமில் இருந்தோம் மச்சான். எனக்கு மேலே ஒரு பலகை தள்ளி நீ. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன் பேச்சைக் குறைத்துக்கொண்டாய். என் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது மட்டும் வருவாய், விட்டுவிட்டுப் போய்விடுவாய். சம்மட்டி அடித்ததற்காகத்தான் வருந்துகிறாய் என்று நான் நினைத்தேன். உன் மனம் நோகக் கூடாது என்று ‘சம்மட்டி’ என்ற வார்த்தையையே உன் முன்னால் சொல்வதில்லை. ஸ்டோரில் யாராவது கேட்டால்கூட ‘அந்தப் பெரிய சுத்தி’ என்பேன். எவ்வளவு முட்டாள்தனம் பார்.

நீ லீவில் போனாய். போன மூன்றாவது வாரம், வீட்டில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. விடு.

உன் சாமான்களைக் கட்டி ஊருக்கு அனுப்பும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். அலமாரியில் அடிவரிசையில், பனியன்களுக்குக் கீழே, ஒரு பழுப்பு நிறக் கவர். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் முத்திரை. உள்ளே ஒரு சிடி, அதன் மேல் பேனாவால் என் பெயர். கூடவே ரெஃபரல் லெட்டர்.

முதலில் எனக்குப் புரியவில்லை. மறந்துவிட்டு வந்தது இங்கே எப்படி வந்தது? கவரின் மேல் கொடுத்த தேதி எழுதியிருந்தது. ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள். அந்த வெள்ளிக்கிழமை ‘முடி வெட்டிக்கொண்டு வருகிறேன்’ என்று போய், முடி வெட்டாமலே திரும்பி வந்தாயே, அன்றைக்கா? எதற்காக மச்சான்? எல்லாம் முடிந்த பிறகு அதைப் போய் வாங்கி வந்து, என்னிடம் காட்டவும் செய்யாமல், பனியனுக்குக் கீழே வைப்பானேன்?

வள்ளிக்குப் போன் செய்தேன். உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. சிடி கிடைத்ததைச் சொன்னேன்.

“அதையேதாண்ணே சொல்லிக்கிட்டு இருந்தாரு. லீவுல வந்த அன்னைக்கே சொன்னாரு. ‘அவசரத்துல அந்த சிடிய விட்டுட்டு வந்துட்டேன் வள்ளி. அங்க போயி மறுபடி ஸ்கேன் எடுத்து ரெண்டு மணி நேரம் போச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துலதான் அவன் கண்ணு போச்சு. கண்ணக் கெடுத்தது நான்தான்’னு.”

“சம்மட்டியப் பத்தி ஒண்ணும் சொல்லலையாம்மா?”

“அது வேலையில நடக்குறதுதான்னு சொல்லுவாரு. இதுதாண்ணே அவரு மனசுல கெடந்துச்சு. தூக்கத்துலகூட ‘சிடி, சிடி’ம்பாரு.”

ஏழு மாதம் நான் ஒன்றை மறைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். நீயோ முற்றிலும் வேறொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

“அண்ணே, அவரு பண்ணது தப்பாண்ணே?” என்றது வள்ளி. “அந்தாஸ்பத்திரியிலேயே இருந்திருந்தா உங்க கண்ணு நல்லாருந்துருக்குமா? யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியணும். தெரியாம இருக்குறதுதான் முடியல.”

எனக்கும் அதேதான் மச்சான். தெரியாமல் இருக்க முடியவில்லை. ஒரு நோட்டு வாங்கினேன். அன்றைய நாளை மணி மணியாக எழுதி, தெரியாத இடங்களைக் காலியாக விட்டேன். லீவு கிடைத்துக் கிளம்பவே சில மாதம் ஆகிவிட்டது.

முதலில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு. எகிப்து டாக்டர் ஊருக்குப் போய்விட்டாராம். இன்சூரன்ஸ் கவுன்டரில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும். என் பெயரையும் இக்காமாவையும் கொடுத்து, “என் ஃபைல்தான் மேடம், சும்மா தெரிஞ்சுக்கத்தான். சண்டை போட வரல” என்றேன். தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார். என் வலது கண்ணைப் பார்த்தார்.

“அந்த அண்ணாவோட வந்தவர் நீங்களோ? ஓம், எனக்கு நல்ல ஞாபகம். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா என்ர கவுன்டருக்கு முன்னால வந்து நிப்பார். ‘தங்கச்சி, வந்துருச்சா?’ எண்டு கேப்பார். இன்னும் இல்லை அண்ணா, இன்னும் இல்லை அண்ணா எண்டு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு. அவர் எப்பிடி இருக்கிறார்?”

சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். “ஐயோ” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“நீங்கள் வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலத்தில அப்ரூவல் வந்திட்டுது.”

நாம் கிளம்பி வந்து முக்கால் மணி நேரம். அப்படியென்றால் நீ கொஞ்சம் பொறுத்திருந்தால்? லெட்டர், சிடி, ஆம்புலன்ஸ், எல்லாவற்றோடும் போயிருப்போமா? வள்ளியிடம் இதை எப்படிச் சொல்வேன்?

“பொறுங்கோ,” என்றார் அவர். இன்னொரு இடத்தைத் திறந்து பார்த்தார். “அப்ரூவல் வந்து என்ன? எங்களிட்ட இருக்கிறது ஒரே அம்புலன்ஸ். அது அண்டைக்கு நெஞ்சு நோவெண்டு வந்த வேற ஒரு ஆளை ஏத்திக்கொண்டு போட்டுது. திரும்பி வரேக்க மூண்டு மணி. உங்கட பேரில கான்சல் எண்டு போட்டிருக்கிறதும் மூண்டு மணிக்குத்தான்.”

மூன்று மணி. அந்த நேரத்தில் நான் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஸ்கேனையே முடித்திருந்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் எனக்குக் கண் பரிசோதனை. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா ஹைதராபாத்காரர், உனக்குத் தெரியும், வேகமாகப் பேசுவாரே. சோதனை முடிந்ததும், “மேடம், ஐந்து நிமிடம் கேள்வி கேட்கலாமா?” என்று இந்தியில் கேட்டு நோட்டைப் பிரித்தேன். அவர் என் நோட்டை வாங்கி மணிகளைப் பார்த்தார், தமிழில் எழுதியிருந்ததை நான் இந்தியில் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்த மாதிரி யாரும் என்னிடம் கொண்டு வந்ததில்லை. உட்காருங்கள்” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன்.

“அந்த இரும்புத் துண்டு கண்ணின் முன்பக்கத்தைத் துளைத்து, லென்ஸைக் கிழித்து, பின்பக்கத் திரையில் போய்க் குத்தியது. பார்வைக்கு முக்கியமான இடம் அது. உங்கள் பார்வையில் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது. நீங்கள் இன்னும் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே.”

“அப்படியானால் அந்த மணிக்கணக்கெல்லாம் ஒன்றுமே இல்லையா மேடம்?”

“இல்லாமல் என்ன? கிழிந்த கண்ணில் கிருமி புகுந்தால் மிச்சமிருப்பதும் போகும். கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். அதனால்தான் கூடிய சீக்கிரம், முடிந்தால் அன்றைக்கே தைத்துவிடப் பார்ப்போம். நீங்கள் அன்றைக்கே வந்து சேர்ந்தீர்கள்.”

காகிதக் கப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். “அந்த மனிதருக்கு என் சலாம் சொல்லுங்கள். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டியிருந்தால் கண்ணுக்குள் இருப்பது வெளியே பிதுங்கியிருக்கும். அவர் எதையும் கண்ணில் படவிடாமல் அனுப்பினார். மூன்று இடம் மாறியும் யாரும் அதைக் கழற்றி அழுத்தவில்லை. பாதி வேலை அதுதான்.”

மோரும் ரொட்டியும் பற்றியும் கேட்டேன். நான் சாப்பிட்டிருந்தால், மயக்க மருந்து கொடுக்கிறவர் இன்னும் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருப்பாராம். “உங்கள் நண்பருக்கு எப்படித் தெரியும்?” என்றார். மனைவியின் ஆபரேஷனில் கற்றுக்கொண்டது என்றேன்.

பிறகு பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தேன். “மேடம், இதுதான் அவன் மறந்துவிட்டு வந்த சிடி. இது அன்றைக்கு இருந்திருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்?”

அவர் வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டார். அது சுற்றியது. ஏதோ ஒரு கட்டம் வந்தது. திட்டிக்கொண்டே மறுபடி அழுத்தினார். மறுபடி அதே கட்டம். பக்கத்து அறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்துவிட்டு, இதைத் திறக்க வேறு ஏதோ புரோகிராம் வேண்டும், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அதை ஏற்ற விடமாட்டார்கள் என்றார்.

“திறக்காது,” என்றார் டாக்டரம்மா. “அடிக்கடி நடக்கிறதுதான். நீங்கள் இதைக் கொண்டுவந்திருந்தாலும் நான் மறுபடி ஸ்கேன் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.”

கேட்டாயா மச்சான்? திறக்காது. நீ அதைத் தங்கத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாலும் திறந்திருக்காது. நான் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். அழக் கூடாது, தைத்த கண் என்று அவர்தான் முன்பு சொல்லியிருந்தார். அன்றைக்குத் தடுக்கவில்லை.

கொஞ்சம் ஆறியதும் கேட்டேன். “அப்படியென்றால் அன்றைக்கு எது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்?”

“ஒரு போன். அங்கிருந்த டாக்டர் ஒன்பதரைக்கு எங்களில் ஒருவருக்குப் போன் செய்து, ‘கண் கிழிந்திருக்கிறது, உள்ளே இரும்பு, வருகிறார்’ என்று சொல்லியிருந்தால் நான் அறையைத் தயார் செய்து வைத்திருப்பேன். வாசலில் உங்களிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். லெட்டர் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும். போன் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும்.”

“அந்தப் போனை யார் செய்திருக்க வேண்டும் மேடம்?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எகிப்து டாக்டரிடம் எங்கள் நம்பர் இருந்திருக்குமா, இருந்தாலும் யார் எடுத்திருப்பார்கள், எனக்கும் தெரியவில்லை என்று முணுமுணுத்தார். நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீ உன் பொறுப்பில் பிக்கப்பில் ஏற்றி வந்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “வழியில் வாந்தி எடுத்திருந்தால்? மயங்கியிருந்தால்? நான் யாருக்கும் அதைச் சொல்லித்தர மாட்டேன்” என்றார். பிறகு, “ஆனால் அன்றைக்கு அங்கே நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை” என்றும் சொன்னார்.

எழுந்து வரும்போது என் மண்டையில் இன்னொன்று தட்டியது. “அப்போ கண்ணில் எது பட்டாலும் கழுவக் கூடாதா மேடம்?”

“ஐயையோ, இல்லை. அப்படிப் போய்ச் சொல்லிவிடாதீர்கள்!” என்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். “சுண்ணாம்பு, சிமென்ட், ஆசிட் பட்டால் நேர் எதிர். நின்ற இடத்திலேயே தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அரை மணி நேரமாவது. கழுவாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தால் போகிற வழியிலேயே கண் வெந்துவிடும். துளைத்ததைத் தொடாதே, எரிப்பதைக் கழுவு. இவ்வளவுதான்.”

பார் மச்சான், ஒரே கண், இரண்டு அடிபாடு, இரண்டுக்கும் எதிரெதிர் வைத்தியம். நாம் இத்தனை வருஷம் இரும்போடும் சிமென்ட்டோடும் இருந்தோமே, யாராவது இதைச் சொன்னார்களா? நாமாவது கேட்டோமா?

இப்போது இங்கத்திய நிலவரம். ஸ்டோரிலிருந்து தலை விரிந்த பஞ்ச் எதுவும் வெளியே போகாது. முதலில் கிரைண்டர், பிறகுதான் கையெழுத்து. என்னைக் கஞ்சப்பிசினாறி என்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரரிடம் டாக்டரம்மாவின் சலாத்தைச் சொன்னேன். “காகிதக் கப்புக்கா?” என்று வெட்கப்பட்டார். நானும் அவரும் சேர்ந்து ‘துளைத்ததைத் தொடாதே’, ‘எரிப்பதைக் கழுவு’ என்று இரண்டு காகிதம் எழுதி முதலுதவி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம், தமிழ், இந்தி, வங்காளம், அவருடைய தகலாக் நாலிலும். பெரிய ஆஸ்பத்திரிக் கண் பிரிவின் நம்பரும் அதில் இருக்கிறது. சேஃப்டி ஆபீசர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே ஒரு நாள் சோதிக்க அந்த நம்பருக்குப் போன் செய்து பார்த்தார். மூன்றாவது தடவைதான் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எடுக்கவே இல்லை. அதற்கு என்ன வழி என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து சைட்டில் பூச்சு வேலை செய்கிற தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கண்ணில் சிமென்ட் பால் தெறித்தது. வண்டியை எடு, வண்டியை எடு என்று எல்லோரும் கத்தினார்கள். நான் அவரைக் குழாயடியில் உட்கார வைத்துக் கண்ணைக் கழுவினேன், எழுந்திருக்க விடவே இல்லை. “விடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று என்னை உதைத்தார். சட்டை, பேன்ட் எல்லாம் நனைந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் வண்டி ஏற்றினோம். அவர் இப்போது வேலைக்கு வந்துவிட்டார். கண் லேசாகச் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். உதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு அல்வா கொண்டுவந்தார். நீ இருந்திருந்தால் எனக்கு மிச்சம் வைத்திருக்க மாட்டாய்.

வள்ளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போனில் இரண்டு தரம் கேட்டுவிட்டது. “நேரில் வந்து சொல்றேம்மா” என்றேன். அடுத்த மாதம் எனக்கு லீவு. பெரம்பலூருக்குப் போகுமுன் நேராக அறந்தாங்கிக்குத்தான் வருவேன். அந்த நோட்டைத் தங்கச்சி கையில் கொடுப்பேன். சிடியை நீ மறந்தது நிஜம், அதனால் என் கண்ணுக்கு ஒன்றும் கெடவில்லை என்பதும் நிஜம் என்று சொல்வேன். பிக்கப்பில் ஏற்றியது ஆபத்துதான் என்பதையும் சொல்வேன், பொய் கலக்க மாட்டேன். சாப்பிட விடாமல் காத்தது வள்ளியின் ஆபரேஷன் அன்றைக்கு நீ கற்றுக்கொண்ட பாடம் என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்வேன். என் கண் மிஞ்சியதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று வள்ளிக்குத் தெரிய வேண்டும்.

உனக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு பலகைக்கு மேலே நீ அப்படி நொந்துகொண்டிருந்ததை ஏழு மாதம் நான் கேட்காமல் விட்டேன். காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இனிமேல் என் பக்கத்தில் ஒருத்தன் பேச்சைக் குறைத்தால், நானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, “என்னய்யா, என்ன விஷயம்?” என்று கேட்பேன். அவன் ஒன்றுமில்லை என்றாலும் எழுந்து போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள, வள்ளிக்கு அண்ணன்,
கதிரேசன்